கடற்கரை ஊரில் மூக்குக் கண்ணாடிக்கு எந்த ஃபிரேம்: உலோகமா, அசிடேட்டா, டி.ஆர். 90-ஆ?

மஞ்சக்குப்பத்தான் (கடலூர்)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு இரு கண்களிலும் பவர் மைனஸ் ஐந்தரை. இப்போது அணிந்திருப்பது பொன்னிற உலோக ஃபிரேம். நோஸ் பேடைத் தாங்கும் கம்பியில் பச்சைக் களிம்பு படிகிறது. துடைத்தால் போகிறது, சில வாரங்களில் மறுபடியும் வந்துவிடுகிறது. அந்த இடத்திலும், காதுக்குப் பின்னால் சைடு கம்பியின் பிளாஸ்டிக் உறை தொடங்கும் இடத்திலும் தோல் சிவந்து அரிக்கிறது. சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. முகம் முழுக்க மூடும் ஹெல்மெட் அணிந்து பைக்கில் போய்வருகிறேன். வியர்வைக்குக் குறைவே இல்லை.

புதிய ஃபிரேம் எடுக்கலாம் என்று திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடையில் கேட்டபோது டி.ஆர். 90 என்ற பிளாஸ்டிக் உடையவே உடையாது என்றார்கள். புதுச்சேரி நேரு வீதியில் கேட்டபோது டைட்டானியத்தைத் தவிர வேறு எதையும் பார்க்க வேண்டாம் என்றார்கள். அசிடேட் என்ற இன்னொரு பிளாஸ்டிக்தான் உத்தமம் என்று உடன் வேலை செய்பவர் சொல்கிறார். விலையோ ஒன்றுக்கொன்று பல மடங்கு வேறுபடுகிறது. இந்தப் பொருள்கள் நம் ஊர்க் காற்றிலும் வியர்வையிலும் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

புதுவைக் கண்ணாடிக்கடை (புதுச்சேரி)

தம்பி, எந்தப் பொருள் என்று முடிவு செய்வதற்கு முன், அந்தப் பச்சை எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

குறைந்த விலையிலும் நடுத்தர விலையிலும் கிடைக்கும் பொன்னிற, வெள்ளி நிற ஃபிரேம்களில் பெரும்பாலானவை மோனல் அல்லது ஜெர்மன் சில்வர். மோனலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நிக்கல், மீதியில் பெரும்பகுதி செம்பு. ஜெர்மன் சில்வரில் வெள்ளி துளியும் கிடையாது. செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த கலவை அது. இவற்றின் மேல் மெல்லிய முலாம் பூசி, அதற்கும் மேலே ஒரு தெளிவான பூச்சு கொடுத்துத்தான் விற்பனைக்கு வருகின்றன. நோஸ் பேடின் கம்பி வளையும் இடத்திலும், சைடு கம்பி கன்னத்தில் உரசும் உட்புறத்திலும் அந்த முலாம் முதலில் தேய்கிறது. அதன்பின், உப்பும் லாக்டிக் அமிலமும் கொண்ட நம் வியர்வை நேரே உள்ளே இருக்கும் கலவையைத் தொடுகிறது; செம்பு கரைந்து உப்பாகி வெளிவருவதுதான் நீங்கள் துடைத்து எடுக்கும் களிம்பு. அரிப்புக்குக் காரணம் பெரும்பாலும் செம்பு அன்று, அதனுடன் சேர்ந்து வெளிவரும் நிக்கல். எனவே துடைப்பதால் பயன் இல்லை. முலாம் போன இடம் போனதுதான். மறுபடி பூசிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அதே இடம் அதே வேகத்தில் தேயும்.

இந்த உலோகங்களை நான் அடியோடு ஒதுக்கச் சொல்லவில்லை. பற்றவைப்பதற்கு இவற்றைப் போல எளியவை இல்லை. கீல் விட்டுப்போனால் எந்தச் சிறிய கடையிலும் பற்றவைத்து வாங்கிவிடலாம். தோல் ஒத்துக்கொள்பவருக்கு, வியர்வை குறைவாக உள்ளவருக்கு, அவை போதும். உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பது தெளிவாகிவிட்டது, அவ்வளவே.

உலோகத்திலேயே தொடர விரும்பினால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று எவர்சில்வர், அதாவது துருப்பிடிக்காத எஃகு. மற்றொன்று டைட்டானியம். டைட்டானியத்தின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 4.5 கிராம், எஃகுக்கு ஏறக்குறைய 8. உங்கள் பவருக்கு லென்ஸே கனமாக வரும் என்பதால் ஃபிரேமின் எடை குறைவது மூக்குக்கு நல்லது. தூய டைட்டானியத்தில் நிக்கல் இல்லை. அதன் மேற்பரப்பில் தானாகவே உருவாகும் ஆக்சைடு படலம் உப்பு நீருக்குச் சற்றும் அசையாது. கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டதும் மீண்டும் மூடிக்கொள்ளும். ஜப்பானில் ஃபுகுய் மாநிலத்துச் சபாயே நகரத்துப் பட்டறைகள் 1980-களில் இதை ஃபிரேமாக்கும் கலையைக் கைவசப்படுத்திய பிறகுதான் உலகெங்கும் இது பரவியது.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. டைட்டானியம் உடைந்தால் தெருமுனைக் கடையில் பற்றவைக்க முடியாது. சூட்டில் அது காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மை அடைந்துவிடும் என்பதால், ஆர்கான் வாயுச் சூழலிலோ லேசர் கொண்டோதான் இணைக்க வேண்டும். வாங்கும்போதே உதிரிபாகமும் உத்தரவாதமும் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாதிரிப்புலியூர் ஆசிரியர் (கடலூர்)

கடைக்கார ஐயா உலோகத்தைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டார். அசிடேட்டின் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் பல ஆண்டுகளாக வேறு எதையும் நான் அணிந்ததில்லை.

கடைகளில் ஷெல் ஃபிரேம் என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் இரு வகை இருக்கின்றன என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். அச்சில் உருக்கி ஊற்றி எடுப்பது ஒரு வகை. பஞ்சு இழையிலிருந்தோ மரக்கூழிலிருந்தோ கிடைக்கும் செல்லுலோஸை அசிடேட்டாக மாற்றி, தகடாக்கி, அந்தத் தகட்டிலிருந்து அறுத்து எடுத்து, மரத்துண்டுகளோடு உருளையில் இட்டு நாட்கணக்கில் உருட்டி மெருகேற்றுவது மற்றொரு வகை. இரண்டாவதில் நிறம் மேலே பூசப்படுவதில்லை, பொருளின் உள்ளேயே ஓடுகிறது. ஆகவே தேய்ந்தாலும் நிறம் போகாது; மேற்பரப்பு மங்கினால் கடையில் பஃப் போட்டு மீண்டும் பளபளப்பாக்கிக்கொள்ளலாம். எல்லாவற்றையும்விட முக்கியமாக, சூடேற்றினால் வளையும். நம் இரு காதுகளும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. சைடுகளைச் சூடாக்கி நம் தலைக்கு ஏற்றவாறு வளைத்துக் கொடுத்துவிட்டால் அந்த ஃபிரேம் அதன்பின் நமக்கே உரியதாகிவிடும். டி.ஆர். 90-இல் இந்த வேலை நடக்காது. கடையில் எப்படி இருக்கிறதோ அப்படியேதான் வீட்டுக்கும் வரும்.

காலாப்பட்டு வேதியியல் (புதுச்சேரி)

ஆசிரியர் ஐயா சொன்னவை சரியானவை. ஆனால் கேட்டவர் வியர்வையைப் பற்றிக் கேட்டிருக்கிறார், அதை விட்டுவிடக் கூடாது.

செல்லுலோஸ் அசிடேட் தனியாக இருந்தால் முறியும். அதை வளையச் செய்வதற்காக நெகிழ்வூட்டி ஒன்றைக் கணிசமான அளவில் சேர்க்கிறார்கள். வழக்கமாக டைஎதில் தாலேட், தாவர மூலத்தை முன்னிறுத்தும் புதிய வகைகளில் சிட்ரேட். இந்த நெகிழ்வூட்டி காலப்போக்கில் மெல்ல வெளியேறுகிறது. வெப்பமும் வியர்வையும் அதை விரைவுபடுத்துகின்றன. பழைய அசிடேட் ஃபிரேம்களின் காது வளைவில் வெள்ளை பூத்து, தொட்டால் சொரசொரப்பாக இருப்பது இதனால்தான். பஃப் போட்டால் தோற்றம் திரும்பும். வெளியேறிய நெகிழ்வூட்டி திரும்பாது. அசிட்டோன் இதைக் கரைத்துவிடும் என்பதால் நகப்பூச்சு நீக்கும் திரவம் அருகில் வரக் கூடாது. கைக்குத் தடவும் சானிடைசரால் ஃபிரேமைத் துடைக்கும் பழக்கமும் வேண்டாம். தலைக்கு அடிக்கும் சாயமும் வெளிர் நிற அசிடேட்டில் ஏறிவிடும். சூட்டில் வளைவது ஒரு வசதி என்றால், கத்திரி வெயிலில் காரின் டேஷ்போர்டில் வைத்துவிட்டுப் போனாலும் அது வளையும்.

டி.ஆர். 90 என்பது சுவிட்சர்லாந்தின் இ.எம்.எஸ். நிறுவனம் கிரிலமிட் என்னும் பெயரில் தயாரிக்கும் ஒரு பாலிஅமைடின் வகைப் பெயர். எளிமையாகச் சொன்னால் நைலான் குடும்பம். அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு ஏறக்குறைய 1 கிராம்; அசிடேட்டுக்கு 1.3. அதனால்தான் கையில் எடுத்தவுடன் காற்றுப் போல இருக்கிறது. அது இளகத் தொடங்கும் வெப்பம் 150 டிகிரி செல்சியசுக்கும் மேல்; கடையிலுள்ள சூட்டுக் காற்று இயந்திரத்துக்கு அது மசியாததற்குக் காரணம் இதுவே. வியர்வையால் இதற்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. ஆனால் மேலே தெளித்த நிறப்பூச்சு உரியும், அது பொருளின் குறை அன்று. மேலும், டி.ஆர். 90 என்று எழுதி விற்கப்படுபவை எல்லாம் அந்தப் பாலிஅமைடுதான் என்று எண்ணிவிட வேண்டாம். நெகிழும் பிளாஸ்டிக் எதற்கும் இந்தப் பெயரை ஒட்டிவிடும் வழக்கம் சந்தையில் இருக்கிறது.

அல்டெம் என்று ஒன்றும் இப்போது காட்டுகிறார்கள். அது பாலிஈதரிமைடு, இளகும் வெப்பம் 217 டிகிரி. மெல்லியதாக வார்த்தாலும் விறைப்பாக நிற்கும். கடையில் வளைப்பது என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை.

உப்பனாறு (கடலூர் முதுநகர்)

எங்கள் குடும்பத்துக்கு விசைப்படகு இருக்கிறது. கடலுக்குப் போகிறவர்களுக்கு டி.ஆர். 90-தான் நின்று பிடிக்கிறது. மிதித்தாலும் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. ஆனால் ஃபிரேம் நன்றாக இருக்கும்போதே கீலும் திருகாணியும் துருவேறிப் போய்விடுகின்றன. பிளாஸ்டிக்குள் பதித்த கீல் பிய்ந்தால் எங்கும் சரி செய்து தருவதில்லை. முழு ஃபிரேமையும் மாற்ற வேண்டியதுதான். ஆகவே வாங்கும்போது ஃபிரேமின் பெயரைக் கேட்பதோடு நிறுத்தாமல், கீல் என்ன உலோகம் என்பதையும் கேளுங்கள்.

மஞ்சக்குப்பத்தான்

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. மேலும் இரண்டு ஐயங்கள். நேற்று ஒரு கடையில் முறுக்கினாலும் பழைய வடிவத்துக்கே திரும்பும் ஃபிரேம் ஒன்றைக் காட்டி, இதுவும் டைட்டானியம்தான், அரிக்காது என்றார்கள். இதை நம்பலாமா? அடுத்து, டைட்டானியம் உண்மையானதா என்று காந்தம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்கிறார்களே, அது சரியா?

காலாப்பட்டு வேதியியல்

முறுக்கினால் திரும்பும் உலோகத்தில் பெரும்பாலானது நிட்டினால். அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வுக்கூடத்தில் கண்டறியப்பட்டது அது. அதில் டைட்டானியம் இருப்பது உண்மை. ஆனால் எடையில் ஏறக்குறைய 55 விழுக்காடு நிக்கல். மேற்பரப்பில் ஆக்சைடு படலம் நன்றாக அமைந்திருந்தால் நிக்கல் வெளிவருவது குறைவாகவே இருக்கும் என்றாலும், ஏற்கெனவே தோல் சிவந்திருக்கும் ஒருவர் இதைத் தேடிப் போய் வாங்க வேண்டியதில்லை. நெகிழ்வும் வேண்டும், நிக்கலும் வேண்டாம் என்றால் பீட்டா டைட்டானியத்தைக் கேளுங்கள். வனேடியம், அலுமினியம் போன்றவை கலந்தது. சைடு கம்பிகளுக்கு அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

காந்தச் சோதனை பாதிதான் உதவும். காந்தம் வலுவாக இழுத்தால் அது டைட்டானியம் இல்லை என்பது உறுதி. இழுக்கவில்லை என்பதால் டைட்டானியம் என்று ஆகிவிடாது. ஜெர்மன் சில்வரையும் காந்தம் இழுக்காது, 316எல் வகை எவர்சில்வரையும் ஏறக்குறைய இழுக்காது.

316எல் என்றவுடன் ஒரு செய்தி. அதிலும் 10 முதல் 14 விழுக்காடு நிக்கல் இருக்கிறது. ஆனாலும் பலருக்கு அது அரிப்பதில்லை. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதைவிட வியர்வையில் எவ்வளவு வெளிவருகிறது என்பதே கணக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியும் அப்படித்தான் அமைந்திருக்கிறது: தோலில் நெடுநேரம் படும் பொருளின் ஒரு சதுர செ.மீ. பரப்பிலிருந்து ஒரு வாரத்தில் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக் கூடாது. 316எல்-இல் குரோமியம் உருவாக்கும் படலமும், 2 முதல் 3 விழுக்காடு சேர்த்திருக்கும் மாலிப்டினமும் உப்புக் காற்றைத் தாங்கிக்கொள்கின்றன. டைட்டானியத்துக்குப் பணம் போதாதவருக்கு இதைத் தயங்காமல் சொல்வேன்.

அரிப்பு நிக்கலால்தானா என்பதைத் தோல் மருத்துவர் ஒட்டுச் சோதனை (சிறிதளவு நிக்கலைத் தோலில் ஒட்டிப் பார்ப்பது) செய்து சொல்லிவிடுவார். நோஸ் பேடின் ரப்பராலும், மூக்கு மடிப்பில் வரும் பொடுகு போன்ற தோல் நோயாலும் இதே சிவப்பு வரலாம்; அப்படியானால் ஃபிரேமை மாற்றியும் பயன் இருக்காது.

அரியாங்குப்பம் அம்மா (புதுச்சேரி)

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் மகன் நான்காம் வகுப்பு படிக்கிறான். பள்ளியில் பந்து விளையாடும்போது உலோக ஃபிரேமை வளைத்துக்கொண்டே வருகிறான். அவனுக்கு எது ஏற்றது?

புதுவைக் கண்ணாடிக்கடை

அம்மா, பிள்ளைக்கு டி.ஆர். 90 அல்லது அது போன்ற நெகிழும் பிளாஸ்டிக். லென்ஸ் கட்டாயம் பாலிகார்பனேட். ஃபிரேம் உடையாமல் இருப்பதைவிட லென்ஸ் சில்லாகாமல் இருப்பது பெரிது. வளர்ந்த பிறகும் ஆகும் என்று ஒரு அளவு பெரிதாக எடுக்காதீர்கள். மூக்கில் சரிந்தால் அவன் லென்ஸின் மேல் விளிம்புக்கு மேலாகத்தான் பார்ப்பான்.

மஞ்சக்குப்பத்துத் தம்பிக்கு இப்போது நான் சொல்லப்போவது பொருளைப் பற்றியதாகத் தோன்றாது, ஆனால் உங்கள் பவருக்குப் பொருளைவிட இதுதான் முந்தியது. சைடின் உட்புறத்தில் 54-18-140 என்பது போல எண்கள் இருக்கும். முதலாவது லென்ஸின் அகலம், இரண்டாவது இரு லென்ஸுக்கும் இடையிலுள்ள தூரம், மூன்றாவது சைடின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். மைனஸ் லென்ஸ் நடுவில் மெல்லியதாகவும் விளிம்பில் தடித்தும் இருக்கும். மையத்திலிருந்து விளிம்பு எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவு தடிக்கும். உங்கள் இரு கருவிழிகளுக்கும் இடையே 62 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சாதாரண பிளாஸ்டிக் லென்ஸில் நடுத் தடிமன் 2 மி.மீ. என்றால், 54-18 ஃபிரேமில் காதுப்பக்க விளிம்பு ஏழரை மி.மீ.யைத் தாண்டும். அதையே 48-20 எடுத்தால் ஏறக்குறைய 6-க்கு இறங்கிவிடும். ஒளியைக் கூடுதலாக வளைப்பதால் மெல்லியதாக வரும் 1.67 இன்டெக்ஸ் லென்ஸுக்கு மாறினால் 48-20 ஃபிரேமில் நாலே சொச்சம். பெரிய ஃபிரேமை எடுத்துவிட்டு அதை மெல்லியதாக்க விலை உயர்ந்த லென்ஸுக்குப் பணம் கொடுப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். சொன்னால் கடைக்காரன் வியாபாரம் தெரியாதவன் என்று நினைக்கிறார்கள்.

இந்தப் பவருக்கு, லென்ஸைச் சுற்றி ரிம்மே இல்லாத ரிம்லெஸ் வேண்டாம். விளிம்பு வெளியே தெரியும். துளையிடும் இடத்தில் சாதாரண லென்ஸ் கீறிவிடும். நைலான் நூலில் நிற்கும் சுப்ராவும் விளிம்பு பொரிந்துபோக இடம் கொடுக்கும். முழு ரிம்தான்.

பாதிரிப்புலியூர் ஆசிரியர்

முழு ரிம் என்று நீங்களே சொல்லிவிட்டபின் அசிடேட்டை ஏன் விட வேண்டும்? ஆறு மி.மீ. விளிம்பை டைட்டானியத்தின் மெல்லிய கம்பி மறைக்காது. அது பின்புறம் பிதுங்கி நிற்கும். அசிடேட்டின் தடித்த ரிம் அதைத் தன்னுள் அடக்கிக்கொள்ளும். மூக்கில் பேடு இல்லாமல், இரு ரிம்களையும் இணைக்கும் பாலம் முழுவதும் பதிவதால் எடையும் ஓரிடத்தில் குவியாது. உலோகமே தோலில் படாது என்பதால் நிக்கல் பேச்சும் முடிந்துவிடுகிறது.

புதுவைக் கண்ணாடிக்கடை

ஐயா சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே அமர்பவராக இருந்தால் நானும் அசிடேட்டையே எடுத்துக் கொடுப்பேன். ஆனால் அந்தப் பாலம் மூக்கின் வடிவத்துக்கு முதலிலேயே பொருந்தியிருக்க வேண்டும். பேடு உள்ள ஃபிரேமைப் போல விரித்தோ குறுக்கியோ சரி செய்ய முடியாது. நம் மக்களில் பலருக்கு மூக்குத் தண்டு தாழ்ந்தும் அகன்றும் இருப்பதால் வியர்த்தவுடன் அது சரியும். உயர் பவரில் சற்றுச் சரிந்தாலும் பார்வை மாறும். இன்னொன்று ஹெல்மெட். தடித்த அசிடேட் சைடை முகமூடி ஹெல்மெட்டுக்குள் நுழைப்பதும் தொல்லை, நுழைந்தபின் பொட்டில் அழுத்துவதும் தொல்லை. மெல்லிய, நேரான உலோகச் சைடு அதற்குள் எளிதாகப் போய்விடும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு: முன்பகுதி அசிடேட், சைடும் பேடு கம்பியும் டைட்டானியம். விளிம்பும் மறையும், மூக்கிலும் திருத்திக்கொள்ளலாம். அந்தப் பேடு கம்பியும் டைட்டானியம்தானா என்று மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சைடில் டைட்டானியம் என்று பொறித்துவிட்டுப் பேடு கம்பியை வேறு உலோகத்தில் வைத்த ஃபிரேம்கள் என் கைக்கே வந்திருக்கின்றன, களிம்போடு.

மஞ்சக்குப்பத்தான்

48 அளவில் அந்தக் கலப்பு வகை ஒன்றையும், முழு டைட்டானியம் ஒன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். ஹெல்மெட்டைக் கொண்டுபோய் இரண்டையும் போட்டுப் பார்த்தபின் முடிவு செய்வேன். 1.67 லென்ஸ் என்று தீர்மானித்துவிட்டேன். டைட்டானியத்தில் திருகாணி இறுகிப் போய் பின்னர் லென்ஸ் மாற்ற முடியாமல் ஆகும் என்று ஒருவர் சொன்னார். அது உண்மையா?

புதுவைக் கண்ணாடிக்கடை

உண்மைதான். டைட்டானியம் தன்மேல் உரசும் உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. அதோடு உப்பும் தூசியும் சேர்ந்தால் திருகாணி அசையாது, வலிந்து திருப்பினால் தலை முறியும். பொருத்தும்போதே நைலான் பூச்சுள்ள எவர்சில்வர் திருகாணி போடச் சொல்லுங்கள். தானாகக் கழலாது, இறுகியும் போகாது. ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பியதும் குழாய் நீரில் ஃபிரேமைக் காட்டி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி தொட்டுக் கீலையும் பேடையும் விரலால் தேய்த்து அலசிவிட்டு, பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். சிலிக்கான் பேடு மஞ்சளித்தால் மாற்றிவிடுங்கள். பெரும்பாலான கடைகளில் அது சில்லறைக் காசு வேலைதான். ஆலைக்குள் இந்தக் கண்ணாடியை மட்டும் நம்ப வேண்டாம். ரசாயனம் தெறிக்கும் இடத்தில் இதற்கு மேல் அணியும் பாதுகாப்புக் கண்ணாடியைப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், 48 அளவு ஃபிரேம் அதற்குள் சிரமமின்றி அடங்கும்.